உதட்டின் வலது ஓரம்

அவன்தான். முதலில் காதுதான் தெரிந்தது. மடல் கன்னத்தோடு ஒட்டிப்போன காது, அதன் விளிம்பில் நாலைந்து முடி. முகத்தை அளக்கிற இந்த வேலையில் காதுக்கு மதிப்பே இல்லை. புருவம், கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு முனை, தாடை என்று எல்லாவற்றிலும் மெஷின் பச்சைப் புள்ளி குத்தி வைக்கும், காதை விட்டுவிடும், காது எதையும் சொல்லாதாம். எனக்குச் சொல்லிவிட்டது. மீசை நரைத்திருக்கிறது, கன்னம் வற்றியிருக்கிறது, கடையில் போட்டுக்கொள்ளும் மெரூன் கோட்டு இல்லை, கழுத்துப் பட்டன் வரை பூட்டிய ஒரு வெள்ளைச் சட்டை, முதுகுக்குப் பின்னால் பீரோ, பீரோ மேல் ஒரு சூட்கேஸ். சற்குணம். சற்குணம் சார். திருச்சியில் இருபது வருஷத்துக்கு மேல் நான் பட்டுப்புடவை விரித்துக் காட்டிய ஜவுளிக்கடையின் ஃப்ளோர் மேனேஜர். என் சிரிப்பு சரியில்லை என்று சொல்லி மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பியவன். இந்த மூன்று வருஷத்தில் அவனை எத்தனை இடங்களில் வைத்துச் சந்தித்திருப்பேன், சத்திரம் பஸ் ஸ்டாண்டில், யாரோ ஒருவரின் கல்யாணப் பந்தியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒவ்வொரு இடத்திலும் அவனிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், ஷேவ் செய்யும்போது அதைச் சொல்லிப் பார்ப்பேன், சொல்கிற வேகத்தில் மரத்துப்போன இடது கன்னத்தை பிளேடு கிழித்துவிடும், எனக்குத் தெரியாது, கண்ணாடியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்த இடங்கள் எதிலும் அவன் வரவில்லை. இங்கே வந்திருக்கிறான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏசி குளிரில், என் மேஜையில் இருக்கும் மானிட்டருக்குள், சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டு.

சத்தம் எங்களுக்குத் தரமாட்டார்கள். சொல் காதில் விழுந்தால் கண் முகத்தைப் பார்க்காது, சொல்லைத்தான் பார்க்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்கோ யாரோ வேலைக்கு விண்ணப்பித்து, கைபேசி முன்னால் உட்கார்ந்து, கேள்விகளுக்குப் பதில் பேசி அனுப்புகிறார்கள். அந்த முகத்தில் என்ன உணர்ச்சி என்று மெஷின் எழுதுகிறது. அதற்கே சந்தேகம் வருகிற வீடியோத் துண்டுகள் எங்களிடம் வரும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் குறிப்பார்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும், மூன்றாவது ஆள் சொல்வதுதான் முடிவு, அதுதான் வேலை கொடுப்பவரிடம் போகும். நான் மூன்றாவது ஆள். வயதானவர்களைத்தான் மூன்றாவதாகப் போடுகிறார்கள். அனுபவம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தேன். சின்னவர்கள் மூன்று மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள், அதனால்தான் என்று பிறகு தெரிந்தது. இந்தத் துண்டுக்கு முதல் ஆள் பயம் என்று போட்டிருக்கிறார். இரண்டாவது ஆள் இளக்காரம் என்று போட்டிருக்கிறார். திரையில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், நான் எனக்குள் தமிழில் மாற்றி வைத்திருக்கிறேன். கீழே சாம்பல் நிறத்தில் இன்னும் இரண்டு பொத்தான். ஒன்று, தீர்மானிக்க முடியாது. அதை அழுத்தினால் அந்த ஆளுக்கு இன்னொரு தடவை பேசி அனுப்ப வாய்ப்புக் கொடுப்பார்கள். இன்னொன்று, தெரிந்த நபர். முகம் நமக்குத் தெரிந்தவருடையது என்றால் வேறு எதையும் தொடாமல் அதை அழுத்திவிட வேண்டும், துண்டு வேறொருவருக்குப் போய்விடும். வேலையில் சேர்ந்த முதல் நாளே இதற்குக் கையெழுத்து வாங்கினார்கள். எங்கெங்கிருந்தோ திருச்சிக்கு வருகிற துண்டுகளில் எனக்குத் தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று நினைத்துத்தான் போட்டேன். வந்துவிட்டது. காதைப் பார்த்த அந்த நிமிஷமே அழுத்தியிருக்க வேண்டும். அம்புக்குறி அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அழுத்தவில்லை. இப்போதும் அழுத்தவில்லை.

துண்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. அவன் கண்ணை இறக்குகிறான், மேலே பார்க்கிறான், வாயோரத்தை உள்பக்கமாக ஒரு இழுப்பு இழுக்கிறான். இந்த இழுப்பைப் பார்த்துத்தான் இரண்டாவது ஆள் இளக்காரம் என்று போட்டிருக்க வேண்டும். ஒரு பக்க வாயோரம் மட்டும் ஏறினால் இளக்காரம், அதுதான் விதி, எங்கள் பாடத்தில் படம் போட்டு இருக்கிறது. ஆனால் எனக்கு இந்த இழுப்பு தெரியும். பாக்குப் போடுகிற பழக்கம் அவனுக்கு, கடைப்பல்லில் சிக்கிய தூளை நாக்கால் துழாவுவான், பாக்கை விட்ட பிறகும் அந்த இழுப்பு போகவில்லை, சொல்லக் கஷ்டமான எதையாவது சொல்லப் போகும்போது அது வரும். எனக்கு நல்லாவே தெரியும், ஏனென்றால் அன்றைக்குக் காலையிலும் வந்தது. கடை திறப்பதற்கு முன்னால் எல்லோரும் கீழ்த்தளத்தில் வரிசையாக நின்று சாமி கும்பிடுவோம், கற்பூரம் அணைந்த பிறகு அவன் அன்றைய விஷயங்களைச் சொல்வான், எந்த மாடல் வந்திருக்கிறது, யார் லேட்டு, யாருக்கு வாடிக்கையாளர் நல்ல பேர் சொல்லியிருக்கிறார். அன்று கல்யாணப் பட்டு விளம்பரம் ஓடுகிற பெரிய டிவியில் என் முகம் வந்தது. ஒரு அம்மாளுக்கு அரக்குப் பட்டு விரித்துக் காட்டும்போது, எங்கள் சிரிப்பை அளக்கக் கடையில் மாட்டியிருந்த கேமரா எடுத்தது. முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம், பக்கத்தில் இளக்காரம் என்று எழுத்து. அவன் வாயோரத்தை உள்ளே இழுத்தான். பிறகு சொன்னான், “கஸ்டமரப் பாத்து எளக்காரமா சிரிக்கிறீங்கன்னு மெஷின் சொல்லுதுண்ணே. நான் என்ன பண்ண?”

நான் என்ன பண்ண. சுடிதார் செக்‌ஷன் பெண்கள் சிரித்தார்கள். பில் போடுகிறவர்கள் சிரித்தார்கள். கபீர் சிரிக்கவில்லை, அவன் தையல் பிரிவு, அவன் தலையைக் குனிந்துகொண்டான். இதெல்லாம் ஒரு விளையாட்டு என்று காட்டிக்கொள்ள நானும் சிரித்தேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம், சிரித்ததும் என் வலது உதட்டோரம் மட்டும் மேலே போயிற்று, இடது பக்கம் தொங்கியது, டிவியில் இருந்த முகமும் டிவிக்குக் கீழே நின்ற முகமும் ஒன்றாகிவிட்டன, இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். மெஷினுக்கு என்ன தெரியும். அதற்கு முந்தின வருஷம் எனக்கு முகவாதம் வந்ததும், ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக வழிந்து பனியனை நனைத்ததும், கண் மூடாமல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கியதும், பலூன் ஊதச் சொல்லி பிசியோதெரபி பெண் கொடுத்த மஞ்சள் பலூனை ஊத முடியாமல் என் மனைவி செண்பகத்தின் முன்னால் அழுததும் மெஷினுக்குத் தெரியாது. அதற்குக் காட்டிய முகங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் வேலை செய்கிற முகங்கள். அதன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் எடுத்துக்கொண்டு வந்தவன் அவன். “சீக்கிரம் வாங்கண்ணே, பட்டு செக்‌ஷனே அழுவுது” என்றான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குடித்த மோர் ஓரமாக வழிந்தது, செண்பகம் துண்டைத் தேடுவதற்குள் அவன் தன் கைக்குட்டையை எடுத்து என் வாயைத் துடைத்துவிட்டான். துடைத்த வாய் அது. அந்த வாயைத்தான் டிவியில் போட்டான். என் முகம் தெரிந்தவன் அந்தக் கடையில் ஒருவன் இருந்தான் என்றால் அது அவன்தான். தெரியாதவன்போல் நின்றான். இதை நினைக்கும்போது எனக்கு அந்த டிவியைவிடக் கைக்குட்டைதான் எரிகிறது, அவன் துடைக்காமல் இருந்திருந்தால் அவனை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேனோ என்று தோன்றுகிறது, துடைத்ததற்கா ஒருவனை வெறுப்பது, என்ன மனம் இது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வீட்டில். வேறு கடைகளுக்குப் போனேன், முகத்தைப் பார்ப்பார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். செண்பகம் சாப்பிட உட்காரும்போது என் வலது பக்கமாக வந்து உட்காருவாள், “இந்தப் பக்கம்தாங்க எனக்கு இப்ப புருஷன்” என்று சிரிப்பாள், நானும் சிரிப்பேன், சிரித்துவிட்டு உடனே கையை வைத்து முகத்தைத் தடவிப் பார்ப்பேன். இது பழக்கமாகிவிட்டது. என் முகம் என்ன செய்கிறது என்று எனக்கு உள்ளிருந்து தெரியாது, தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். போன வருஷம் கபீர் போன் பண்ணினான். “உங்களத் தூக்குனவரையும் தூக்கிட்டாங்கண்ணே, மொதலாளி மகன் வந்துட்டாரு” என்றான். நான் அடப்பாவமே என்றேன். அன்று இரவு இரண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், செண்பகம் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் அது நான் செய்தது இல்லையே. யாரோ செய்தது. பசித்தவனுக்குப் பக்கத்து இலையில் பரிமாறியதுபோல. இப்போது இது என் இலை.

முதலில் இளக்காரம் என்றே போட்டுவிடலாம் என்றுதான் கை போயிற்று. எனக்குக் கொடுத்ததையே திருப்பிக் கொடுப்பது. ஏற்கெனவே ஒருவர் போட்டிருக்கிறார், நானும் போட்டால் முடிந்தது, யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். வேலையின் பெயர் மேலே இருக்கிறது, ஏதோ பெரிய கடைத்தொடருக்கு வாடிக்கையாளர் தொடர்பு மேலாளர். வாடிக்கையாளரிடம் இளக்காரம் காட்டுகிற மேலாளர். அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதனாலேயே கை நின்றுவிட்டது. நான் பார்க்கிறேனா, எனக்கு வேண்டியதைப் பார்க்கிறேனா. இதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் முகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார். கவிழ்த்தேன். சற்குணம் மறைந்துபோனான். நெற்றி இருந்த இடத்தில் தாடை, கீழே இரண்டு ஈரக் கண், மேலே ஒரு துவாரம் திறந்து திறந்து மூடுகிறது, மீசை புருவம்போல், புருவம் மீசைபோல். யாரோ ஒரு மனிதனின் தோல் அசைகிறது. அந்த முகத்தை என்னால் வெறுக்க முடியவில்லை, முயன்று பார்த்தேன், எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. நிமிர்த்தினேன். திரும்பி வந்துவிட்டான், வெறுப்பும் கூடவே வந்துவிட்டது, விட்ட இடத்திலிருந்து. அப்படியானால் இந்த மூன்று வருஷமும் நான் வெறுத்தது எதை, கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிற தூரத்தையா.

கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு கண்ணை மட்டும் பார்த்தேன். புருவத்தின் உள்முனை மேலே ஏறியிருக்கிறது. மேலிமை விரிந்திருக்கிறது. இளக்காரத்தில் இமை இப்படி விரியாது. இது பயம். முதல் ஆள் சொன்னதுதான் சரி. சற்குணம் பயப்படுகிறான். அந்தக் கடையில் நான்கு தளத்தையும் ஒரு விரல் சொடுக்கில் நிற்க வைத்தவன், பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கைபேசிக்குப் பயப்படுகிறான். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ இதமாக இறங்கியது, காலையில் முதல் காபி இறங்குவதுபோல். கேள்வி என்ன என்று அப்போதுதான் படித்தேன், இடது பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும், நான் படிப்பதில்லை. பணியில் நீங்கள் எடுத்த தவறான முடிவு ஒன்றைக் கூறுங்கள்.

இதைப் படித்திருக்கக் கூடாது. படித்த பிறகு அவன் வாயை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. உதடு மூடுகிறது, திறக்கிறது, மறுபடி மூடுகிறது. மாசிலாமணி என்று சொன்னால் இப்படித்தான் மூடித் திறந்து மூடும், என் பெயரை நானே மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், ஆமாம். ஆனால் மேனேஜ்மென்ட் என்று சொன்னாலும் இப்படித்தான். அது மேனேஜ்மென்ட் முடிவுண்ணே என்றுதான் அன்றும் என்னிடம் கடைசியாகச் சொன்னான். ஓட விட்டேன். மறுபடி ஓட விட்டேன். என்னைப் பற்றித்தான் சொல்கிறானா. ஒரு ஆளுக்கு முகவாதம் என்று தெரிந்தும் எல்லோர் முன்னாலும் அவர் முகத்தைக் காட்டிச் சிரிக்க வைத்தேன் என்று சொல்கிறானா, அதைச் சொல்லும்போதா அந்தப் புருவம் ஏறுகிறது. அப்படியானால் அது பயம் இல்லை, குற்ற உணர்ச்சி. குற்ற உணர்ச்சிக்கு எங்களிடம் பொத்தான் கிடையாது. இல்லை, பழியை மேலே தள்ளிவிட்டு, கேட்பவர் நம்புகிறாரா என்று பார்க்கிற புருவமா. இல்லை, எங்கள் இருவருக்கும் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஸ்டாக் விஷயமா. ஏன் என்னைப் பற்றி இருக்க வேண்டும். நான் அவனை நினைத்ததுபோல அவன் என்னை நினைத்திருப்பான் என்று எதை வைத்து எதிர்பார்க்கிறேன். அவனுக்கு நான் அந்த வருஷத்தில் போன ஏழெட்டுப் பேரில் ஒருவன். இந்த எண்ணம்தான் தாங்க முடியாமல் இருந்தது. அவன் என் பெயரைச் சொல்லியிருந்தால் என்னால் அவனைத் தொடர்ந்து வெறுக்க முடியாமல் போய்விடுமோ என்று ஒரு பயம், சொல்லவில்லை என்றால் அதைவிடப் பெரிய ஆத்திரம். சத்தத்தை மட்டும் கொடுத்தால் போதும். சத்தம் இல்லை. வெறும் உதடு.

“அங்கிள், ரொம்ப நேரமா ஒரே ஆள்லயே நிக்கிறீங்களே. சிஸ்டம் ஹேங்கா?” ரெஜினா. எங்கள் குழுவுக்குத் தலைவி, என் பெண்ணாக இருக்கக்கூடிய வயது, நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். அவள் பார்வை திரையில் படுகிறது. இப்போது சொல்லலாம். இவர் எனக்குத் தெரிந்தவர்ம்மா என்று சொன்னால் அவளே அந்தப் பொத்தானை அழுத்திவிடுவாள், நான் அழுத்தியதாகக்கூட இருக்காது.

“இல்லம்மா. பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“அவ்ளோ அழகாவா இருக்காரு?” என்று சிரித்துவிட்டு, டீ வந்துவிட்டது, முடித்துவிட்டு வாங்க என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும்கூட வரவில்லை. எவ்வளவு எளிதாக இருந்தது தெரியாதவன்போல் இருப்பது, ஒரு சிரமமும் இல்லை, முகத்தில் எதையும் செய்ய வேண்டியதுகூட இல்லை. அவனுக்கும் அன்று இப்படித்தான் இருந்திருக்குமோ. கற்பூர வாசனையில் நின்றுகொண்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம், சொல்லிவிடலாமா இவருக்கு முகவாதம் என்று, பிறகு, சரி விடு. வேண்டாம், இதை நினைக்க வேண்டாம், இப்படி நினைக்க ஆரம்பித்தால் அவன் நாற்காலியில் போய் நான் உட்கார்ந்துவிடுவேன், எனக்கு அது வேண்டாம், நான் என் நாற்காலியிலேயே இருக்கிறேன்.

உண்மையான பதில் எனக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு முகத்தை வைத்து உள்ளே என்ன என்று தீர்மானிக்க முடியாது. அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, சாம்பல் நிறத்தில், எனக்கு யாரும் அழுத்தாத பொத்தான். அதை அழுத்தினால் அவனுக்கு இன்னொரு வாய்ப்பு, கோட்டுப் போட்டுக்கொண்டு, சூட்கேஸைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, நிதானமாகப் பேசி அனுப்புவான். எனக்கு எங்கே இன்னொரு வாய்ப்பு. இளக்காரத்தையும் அவனுக்குக் கொடுக்க மாட்டேன். யோசித்துப் பார்த்தால் இளக்காரம் மேலே நின்று கீழே பார்க்கிறவனுடையது. இளக்காரமாகப் பார்த்தான் என்றால், திமிர் பிடித்தவன், அதிகாரம் பண்ணத் தெரிந்தவன் என்று யாராவது எடுத்துக்கூடக் கொள்வார்கள். பயந்தவனை யாரும் மேலாளராக வைக்க மாட்டார்கள். அதோடு இது பொய்யும் இல்லை. புருவம் ஏறியிருக்கிறது, இமை விரிந்திருக்கிறது, முதல் ஆளும் அதையே சொல்லியிருக்கிறார், பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இருப்பதைத்தான் சொல்கிறேன். நான் என்ன பண்ண.

இந்த மூன்று சொல்லும் எனக்குள் யாருடைய குரலில் வந்தன என்று கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் அழுத்தினேன். பயம்.

அவன் வாய் பாதி திறந்திருக்கும்போதே திரையிலிருந்து போய்விட்டான், சொல்ல வந்தது என்னவோ அது அப்படியே போயிற்று. அடுத்த முகம் வந்துவிட்டது. ஒரு இளம்பெண், நெற்றியில் சந்தனம், பேச ஆரம்பிக்கிறாள், அவளை நான் பார்க்கவில்லை. டீ ஆறுது அங்கிள் என்று ரெஜினாவின் குரல் வந்தது. எழுந்திருக்கும்முன் பழக்கத்தில் கை முகத்துக்குப் போயிற்று. இடது கன்னம் எப்போதும்போல் கிடந்தது, ஈர மண் மாதிரி. வலது பக்கம் தொட்டேன். உதட்டோரம் ஏறி நின்றுகொண்டிருந்தது, கன்னத்துச் சதை கண்ணுக்குக் கீழே குவிந்திருந்தது, எப்போது ஏறியது என்று தெரியவில்லை. அந்தக் கடையின் கேமரா இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைச் சுற்றி அதே சிவப்புக் கட்டம் போடும், பக்கத்தில் அதே சொல்லை எழுதும், இன்று அது எழுதுவதில் ஒரு பிழையும் இருக்காது. இரண்டு விரலை வைத்து அந்த ஓரத்தைக் கீழே அழுத்தினேன். விரலை எடுத்தேன். மறுபடி ஏறியது.